இரண்டாம் முறை வருவார்களா?

சுயதீங்கு மருத்துவம் பற்றிய இரு ஆய்வுகள்: ஒரு திறனாய்வு

ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் சுடுநீர் இருக்கிறது. அதன் வெப்பநிலையை அளக்க வேண்டும். மாணவர் வெப்பமானியை நீரில் விடுகிறார், பாதரச மட்டம் நிற்கும் வரை காத்திருக்கிறார், அளவைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். "இதுதான் நீரின் வெப்பநிலையா?" என்று கேட்டால் "ஆமாம் சார்" என்பார். முற்றிலும் சரியன்று. அறையின் வெப்பநிலையில் இருந்த வெப்பமானி, நீரிடமிருந்து சிறிது வெப்பத்தைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் அந்த அளவைக் காட்டுகிறது. அளக்கப் போன கருவியே அளக்கப்படும் பொருளைச் சற்று மாற்றிவிட்டது. ஒரு வாளி நீரில் இந்த மாற்றம் தெரியாது. சிறு குழாயில் தெரியும்.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் இது. மனித மனத்திற்கும் இது பொருந்தும் என்பதை என் மாணவன் ஒருவனால்தான் அறிந்தேன்.

அவன் மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டுக்கு வந்து படித்தவன். ஒரு நாள் செய்முறை வகுப்பில், அவன் சட்டைக் கையை மடித்தபோது பழையனவும் புதியனவுமாகச் சில காயத் தழும்புகளைக் கண்டேன். பதறிப் போய், மற்ற மாணவர்கள் காதில் விழும்படி, "என்னப்பா இது? யார் செய்தது?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் செய்முறை வகுப்புக்கு வரவும் இல்லை. நான் அளக்கப் போய் மாற்றிவிட்டேன்.

பிறகு ஒரு விடுமுறையில், வேறு மாவட்டத்தில் உறவினர் வீட்டில் இருந்தபோது, அவன் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். காயத்திற்கு நல்ல சிகிச்சை கிடைத்தது. ஒருவர் வந்து பல கேள்விகள் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பினார். இரண்டு வாரம் கழித்து மனநலப் பிரிவுக்கு வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் போகவில்லை. ஏன் என்று, இம்முறை தனியாக, மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"எல்லாம் எழுதிக்கிட்டாங்க சார். திரும்ப எதுக்கு வரணும்னு யாரும் சொல்லல" என்றான்.

இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் எந்த மருத்துவ நூலிலும் படித்ததில்லை. அவன் அன்றாடம் வந்து போகும் செங்கல்பட்டிலேயே 1965ஆம் ஆண்டு முதல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகலாம் என்று அவனுக்கு அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கலானேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அளவீடு, பிழை, சான்று ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்கும் பயிற்சி எனக்கு உண்டு. அந்தப் பயிற்சியைக் கொண்டு இரண்டு ஆய்வுகளை இங்கே எடை போட விரும்புகிறேன். ஒன்று லண்டனில் நடந்தது. மற்றொன்றில் நம் சென்னை நகரும் பங்கு கொண்டது.

சுயதீங்கு என்பது என்ன?

ஒருவர் வேண்டுமென்றே தம் உடலுக்குத் தாமே ஊறு விளைவித்துக்கொள்வதைச் சுயதீங்கு என்கிறோம். சாக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டுக்கும் இடையில் தெளிவற்றும் இருக்கலாம். "சும்மா பயமுறுத்துகிறான்", "ஊரைக் கூட்டப் பார்க்கிறாள்" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் தவறு. இவர்களில் பலர் காயத்தை யாருக்கும் காட்டாமல் மறைக்கிறவர்கள். அதே சமயம், "சாக நினைக்கவில்லையே, பிறகென்ன" என்று விட்டுவிடுவதும் தவறு. சுயதீங்கு செய்துகொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் சாவுக்கான காரணங்களுள் தற்கொலை மூன்றாம் இடத்தில் இருந்தது.

இது ஏன் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது? ஒலிபெருக்கி வைத்த கூட்டங்களில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு போனால் காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் எழும். ஒலிபெருக்கியின் ஓசை மைக்கில் புகுந்து, பெரிதாகி, மீண்டும் ஒலிபெருக்கி வழியே வந்து, மறுபடியும் மைக்கில் புகுகிறது. சுயதீங்கிலும் இத்தகைய சுழற்சி உண்டு. தாங்க முடியாத மன வேதனை எழுகிறது. காயம் அதைச் சற்று நேரம் மட்டுப்படுத்துகிறது. பின் வெட்கமும் குற்ற உணர்வும் வருகின்றன. மறைக்க வேண்டியிருப்பதால் தனிமை கூடுகிறது. தனிமை வேதனையைப் பெருக்குகிறது. சுற்று மீண்டும் தொடங்குகிறது. மைக்கின் ஊளையை நிறுத்த மேடையையே பிரிக்க வேண்டியதில்லை. சுற்றை ஏதாவது ஓரிடத்தில் அறுத்தால் போதும். எங்கே அறுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் மருத்துவரின் வேலை. அதைத் தனியே கண்டுபிடிப்பதா, அந்த இளைஞருடன் சேர்ந்து கண்டுபிடிப்பதா என்பதே கேள்வி.

லண்டன் ஆய்வு

டென்னிஸ் ஊக்ரின் என்னும் மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சுயதீங்கு செய்துகொண்டு வந்த 70 வளரிளம் பருவத்தினர், அவர்களை மதிப்பீடு செய்யும் 26 மருத்துவப் பணியாளர்கள்: இவ்வளவுதான் ஆய்வின் அளவு. பணியாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான முறையில் மதிப்பீடு செய்தார்கள். மற்றப் பிரிவினர் 'சிகிச்சை மதிப்பீடு' என்னும் புது முறையைக் கையாண்டார்கள்.

புது முறையில் முதல் ஒரு மணி நேரம் வழக்கமான கேள்விகள்தாம். பிறகு பத்து நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் மருத்துவர் கேட்டதைத் தொகுத்துப் பார்க்கிறார். அடுத்த அரை மணியில் மருத்துவரும் இளைஞரும் சேர்ந்து தாளில் ஒரு படம் வரைகிறார்கள். மையத்தில் அந்த இளைஞரின் பெரும் வேதனை. அதைச் சுற்றி, அவர் பிறரிடமும் தம்மிடமும் நடந்துகொள்ளும் விதம், அதனால் விளைவது, அது மீண்டும் வேதனைக்கே கொண்டு வந்து விடும் வழி ஆகியவை அம்புக்குறிகளாக வருகின்றன. மேலே சொன்ன ஊளைச் சுற்றின் வரைபடம் என்றே இதைச் சொல்லலாம். வரைந்த பின், இந்தச் சுற்றிலிருந்து வெளியேற எங்கெங்கே வழி உண்டு என்று இருவரும் தேடுகிறார்கள். முடிவில், தாம் புரிந்துகொண்டதை மருத்துவர் ஒரு கடிதமாக எழுதி இளைஞருக்கு அனுப்புகிறார். பிரிட்டனில் ஆண்டனி ரைல் உருவாக்கிய ஓர் உளச்சிகிச்சை முறையிலிருந்து இந்தப் படம் வரையும் வழி எடுக்கப்பட்டது.

விளைவு என்ன? அடுத்த சந்திப்புக்கு வந்தவர்கள் வழக்கமான முறையில் 35 பேரில் 17 பேர், அதாவது 49 சதவீதம். புது முறையில் 35 பேரில் 29 பேர், அதாவது 83 சதவீதம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை சிகிச்சைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் 4 பேர், மறு பக்கம் 14 பேர்.

ஓர் அரை மணிக் கூட்டு முயற்சிக்கு இது பெரிய பலன்தான். லண்டன் போன்ற நகரிலேயே வழக்கமான மதிப்பீட்டுக்குப் பின் பாதிப் பேர் திரும்பி வரவில்லை என்பதைப் படித்தபோது என் மாணவனின் நினைவு வந்தது. குறை அவனிடம் மட்டும் இல்லை.

ஆனால் திறனாய்வாளன் இங்கே நிற்கக் கூடாது. இந்த ஆய்வு முதன்மையாக அளந்தது வருகையை. நாம் அறிய விரும்புவது தீங்கு குறைந்ததா என்பதை. இதே இளைஞர்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட முடிவில், சிகிச்சைக்கு வருவதில் புது முறைக்கு மேன்மை இருந்தது. சுயதீங்கு காரணமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எழுபது பேரைக் கொண்ட ஆய்வில் சிறிய வேறுபாடுகளைக் காண்பதும் அரிது.

ஆகவே என் தீர்ப்பு இது: நல்ல கதவைத் திறந்த ஆய்வு. கதவுக்கு அப்பால் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இதில் விடை இல்லை. சிகிச்சைக்கு வரவைப்பது வேறு. வந்தவருக்குப் பயனுள்ள சிகிச்சை தருவது வேறு. எனினும் முதலாவது இல்லாமல் இரண்டாவது நடக்காது.

சென்னை பங்குகொண்ட ஆய்வு

இனி இரண்டாவது. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு இது: பிரேசிலின் காம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். அலெக்சாண்டிரா பிளைஷ்மனும் உடனாய்வாளர்களும் 2008இல் அந்நிறுவனத்தின் 'புல்லட்டின்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சென்னையில் 1986இல் 'சினேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஆய்வாளர்களுள் ஒருவர்.

தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். 945 பேருக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான கவனிப்பு. 922 பேருக்கு அதனுடன் இரண்டு கூடுதல். முதலாவது, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து பேசுவது. இரண்டாவது, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொடர்பு கொள்வது. முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்களிலும், பின் நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களிலும் மருத்துவ அனுபவமுள்ள ஒருவர் தொலைபேசியில் அழைப்பார் அல்லது நேரில் போய்ப் பார்ப்பார். எப்படி இருக்கிறார், உதவி தேவையா என்று கேட்பார். தேவையென்றால் வழிகாட்டுவார். விலையுயர்ந்த கருவியோ புது மருந்தோ எதுவும் இல்லை.

பதினெட்டு மாத முடிவில், வழக்கமான கவனிப்புப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர், 2.2 சதவீதம். தொடர்பு கொண்ட பிரிவில் 2 பேர், 0.2 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்வதற்கு இடமுண்டு. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதற் கேள்வி: எண்ணிக்கை போதுமா? கதிரியக்கச் சோதனையில் ஓர் எண்ணிக்கையின் நிச்சயமின்மை ஏறத்தாழ அதன் வர்க்கமூலம் என்று படித்திருக்கிறோம். அந்த முறையில் 18 என்பது 18க்குச் சுமார் 4 கூட அல்லது குறைய. 2 என்பது 2க்குச் சுமார் 1.4 கூட அல்லது குறைய. இவை ஒன்றோடொன்று மோதவில்லை. வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத வேறுபாடுதான். எனினும் மொத்தம் இருபது மரணங்களை வைத்துத் திட்டமான விகிதம் பேசக் கூடாது. "பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது" என்று முழங்குவதைவிட, "குறைந்தது, எவ்வளவு என்பது இன்னும் உறுதியில்லை" என்பதே நேர்மை.

இரண்டாம் கேள்வி: இறுதி வரை எத்தனை பேர் கிடைத்தார்கள்? மொத்தம் 1,699 பேர், 91 சதவீதம். இத்தகைய ஆய்வுக்கு இது பாராட்டத்தக்க அளவு. ஆனால் தொடர்பு அறுந்துபோனவர்கள் ஒரு பிரிவில் 50 பேர், மறு பிரிவில் 118 பேர். இந்தச் சமமின்மை கவனிக்க வேண்டியது. அவர்களில் எத்தனை பேர் நலமாக இருந்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

மூன்றாம் கேள்விதான் முக்கியமானது: மீண்டும் முயன்றவர்கள் குறைந்தார்களா? இதே ஆய்வின் தொடர்ச்சியாக 2010இல் வெளியான கட்டுரை விடை சொல்கிறது. மீண்டும் முயன்றோர் ஒரு பிரிவில் 7.6 சதவீதம், மறு பிரிவில் 7.5 சதவீதம். வேறுபாடு இல்லை. இடத்துக்கு இடம் விகிதங்கள் மாறின. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் பயன் தெரியவில்லை. மரணம் குறைந்து, முயற்சி குறையாமல் இருப்பது எப்படி? தொடர்பில் இருந்தவர்கள் மீண்டும் துன்பம் வந்தபோது விரைவில் உதவி தேடியிருக்கலாம். நெருக்கமாக விசாரித்ததால் அப்பிரிவில் முயற்சிகள் கூடுதலாக வெளிப்பட்டிருக்கலாம். இவை என் ஊகங்களே. 2008 முடிவை மட்டும் மேற்கோள் காட்டி 2010 முடிவை விட்டுவிடுவது, செய்முறைக் குறிப்பேட்டில் பொருந்தாத அளவை அழித்துவிடும் மாணவரின் வேலைக்குச் சமம்.

இன்னொன்று: இது இளைஞர்களுக்கென்றே நடத்திய ஆய்வு அன்று. கல்லூரி மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும், குறைந்த செலவில், நம்மைப் போன்ற நாடுகளில், தொடர்பு அறாமல் காப்பதால் உயிர்கள் தப்பக்கூடும் என்று காட்டிய வகையில் இதன் மதிப்பு பெரிது.

மதிப்பெண் போடும் வழக்கம்

இவ்விரு ஆய்வுகளையும் படித்தபின், என் மாணவன் சொன்ன படிவத்தின் நினைவு வந்தது. கேள்விக்கு இவ்வளவு மதிப்பெண் என்று போட்டுக் கூட்டி, "ஆபத்து அதிகம்", "நடுத்தரம்", "குறைவு" என்று பிரிக்கும் பட்டியல்கள் உலகெங்கும் உள்ளன. பார்க்க விஞ்ஞானம் போலவே இருக்கும். உண்மையில் எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம்.

ஆயிரம் இளைஞர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பத்துப் பேருக்குப் பின்னாளில் பேராபத்து நேரப் போகிறது. நம் பட்டியல் நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் சொல்லும், இரு புறமும். இது தாராளமான அனுமானம். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பட்டியல் பிடித்துவிடும். மற்ற 990 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, 198 பேரைத் தவறாக "ஆபத்து அதிகம்" என்று சொல்லும். ஆக, அந்த முத்திரை பெற்றோர் 206 பேர். அவர்களில் உண்மையானவர் 8 பேர், அதாவது நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. "ஆபத்து குறைவு" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடையே இருவர் கவனிப்பாரின்றிப் போய்விட்டார்கள்.

இது கருவியின் கோளாறு மட்டுமன்று. அரிய நிகழ்ச்சியை முன்னறிவிக்க முயலும் எந்தக் கருவிக்கும் உள்ள இயல்பு. இதனால்தான், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் 'நைஸ்' என்னும் கழகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறியில், எதிர்காலத்தில் தற்கொலையோ சுயதீங்கோ நேருமா என்று முன்னறிவிக்க இத்தகைய அளவைகளைப் பயன்படுத்தக் கூடாது, யாருக்குச் சிகிச்சை தருவது என்று தீர்மானிக்கவும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகக் கூறியது. அதற்குப் பதில் ஒவ்வொருவரின் தேவை என்ன, அவரைப் பாதுகாப்பாக வைத்திருக்க எது உதவும் என்பதில் கவனம் செலுத்தச் சொன்னது.

மதிப்பெண் போடுவது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பழகிய தொழில். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்டால் பிள்ளையையே தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறோம். மருத்துவரும் அப்படி நினைத்துவிட்டால் அந்தப் பிள்ளை வேறெங்கே போகும்?

வந்த பிறகு என்ன சிகிச்சை?

கதவுக்கு அப்பால் என்ன என்ற கேள்வியை முன்பு விட்டுவிட்டேன். சுயதீங்கு என்பதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வு போன்ற நோய் உடனிருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். அதை மனநல மருத்துவரே முடிவு செய்வார். நல்ல சான்றுள்ளவை பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சைகள். அவற்றுள் ஒன்று அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. உணர்ச்சி பொங்கும்போது தாங்கிக்கொள்வது, உடனே செயலில் இறங்காமல் சற்று ஒத்திப்போடுவது, தனக்கு வேண்டியதைப் பிறரிடம் கேட்கக் கற்பது ஆகியவற்றை நீச்சல் பழக்குவது போலப் படிப்படியாகப் பழக்குவது இது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் 77 வளரிளம் பருவத்தினரைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 19 வாரம் இச்சிகிச்சை பெற்றவர்களிடம் சுயதீங்கு மற்றவர்களைவிடக் குறைந்தது. பெற்றோரும் உடன் வந்து பழகுவது இதில் ஒரு பகுதி.

பத்தொன்பது வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை வந்து போவதால் ஆகக்கூடியதன்று. மறுபடியும் இரண்டாம் வருகையிடமே வந்து நிற்கிறோம்.

நம் மாவட்டத்தில்

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மாமல்லபுரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தொலைவு பெரிதன்று. ஆனால் விடியற்காலையில் படகுத் துறைக்குப் போய் மீன் எடுத்து விற்கும் தாய்க்கு, மகனுடன் மருத்துவமனைக்கு வரும் நாள் வருமானமில்லாத நாள். "கேள்வி கேட்கத்தானே கூப்பிடறாங்க" என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எதற்காக வருகிறோம் என்பது விளங்கினால்தான் அந்த ஒரு நாளை இழக்க மனம் வரும். லண்டன் ஆய்வின் படமும் கடிதமும் அந்த விளக்கத்தைத் தருகின்றன. சென்னை ஆய்வின் தொலைபேசி அழைப்பு, வர முடியாத நாட்களில் கயிறு அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்று இல்லாத குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டையும் இணைத்து, தமிழில், நம் மாவட்ட மருத்துவமனைகளில் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. செய்து பார்த்து, வருகையை மட்டுமன்றித் தீங்கையும் அளக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் மருத்துவர்கள் போதுமா?" என்று கேட்பீர்கள். மனநல மருத்துவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமப் பகுதியும் சேர்ந்த மூன்று இந்திய இடங்களில், மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவியபோது, மருத்துவமனைக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஓரளவு கூடுதல் நன்மை கிடைத்தது என்று 2014இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. நோய் வேறு, எனவே முடிவை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. வீடு தேடிப் போகும் வழி நம் ஊர்ப்பக்கம் நடக்கக்கூடியதே என்பதற்கு மட்டும் இது சான்று.

போலீஸ் வழக்கு வருமோ என்ற பயம் பல குடும்பங்களை மருத்துவமனைக்கு வராமல் தடுக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் கூறுகிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1இல் இந்திய தண்டனைச் சட்டம் நீங்கியபோது அதனுடன் நீங்கியது. பொது ஊழியரை அவர் கடமையில் நெருக்குவதற்காக முயல்வது மட்டுமே புதிய சட்டத்தில் குற்றமாக உள்ளது. இச்செய்தி ஒவ்வொரு குப்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும்

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். தனியே, அவசரமின்றி, "உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, பேசலாமா?" என்று கேளுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆராய்ச்சிகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. அக்கறையோடு கேட்பது பாரத்தை இறக்கவே உதவுகிறது. தழும்பைக் காட்டச் சொல்லாதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் முறை மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். அதைவிட முக்கியம், இரண்டாம் முறையும் கூடப் போவது.

என் மாணவனுடன் நான் அவ்வாறு போனேன். முதல் நாள் வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறையும் போனேன். மூன்றாம் முறை, "நானே போய்க்கிறேன் சார்" என்றான். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நடுவில் ஒரு மாதம் கடினமாக இருந்தது என்று அவனே சொன்னான். ஆனால் அந்த மாதத்திலும் குறித்த நாளில் போயிருக்கிறான்.

சென்ற வாரம் செய்முறை வகுப்பில் சோதனைக் குழாய் வெப்பநிலைப் பாடம். "பிழையைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "வெப்பமானியை முதல்லயே கொஞ்சம் சூடு பண்ணிக்கணும் சார்" என்றான் அவன். சரியான விடை.

இதைப் படிக்கும் இளைஞர் எவராவது இத்தகைய துன்பத்தில் இருந்தால்: 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' உதவி இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கும்; தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். காயம் ஏற்பட்டிருந்தாலோ, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் முன், "அடுத்து நான் யாரை, எப்போது, எதற்காகப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விடையைப் பெறுவது உங்கள் உரிமை.